எட்டாம் இலக்கச் சைக்கிள்

நடந்தவற்றை நடந்த வரிசையிலேயே முதலில் எழுதிவிடுகிறேன்.

1. பொழுதுபடும் நேரத்தில் விளக்கில்லாமல் வந்த ஒரு சைக்கிள், கோப்பாய்க்குப் போகும் வீதியில் ஒரு சிறுமியை இடித்து விழுத்திவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஓட்டியவன் யாரென்று யாருக்கும் தெரியவில்லை.

2. அதன்பின் எங்கள் கிராமச் சங்கம் ஒரு தீர்மானம் செய்தது. சங்க எல்லைக்குள் சைக்கிள் வைத்திருப்போர் எல்லோரும் அதை ஆண்டுதோறும் தம் பெயரில் பதிந்து, இலக்கத் தகடு பூட்ட வேண்டும்.

3. பதிவு தொடங்கிய முதல் நாளே நான் போய்ப் பதிந்தேன். எனக்கு எட்டாம் இலக்கம் கிடைத்தது.

4. மறுநாள் உரும்பிராயில் நான் பார்த்துவந்த கர்ப்பிணி ஒருத்தியின் வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடக்கக் கண்டேன்.

5. அடுத்த முறை போனபோது அந்த வீட்டுப் படலை எனக்குத் திறக்கவில்லை.

மூன்றாவதற்கும் நான்காவதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன். ஆனால் அந்த வீட்டில் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். ஐந்தாவது அதனால் வந்தது.

நான் அரசாங்க மருத்துவிச்சி. கொழும்பில் பயிற்சி முடித்து உரும்பிராய்ப் பகுதிக்கு நியமனம் பெற்று வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஊரார் என்னை மிஸி என்பார்கள். ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பெண்கள் எல்லோருக்கும் இங்கே அதுதான் பெயர். பயிற்சியில் எங்களுக்கு முதலில் கற்பித்தது கை கழுவுவது. அடுத்துக் கற்பித்தது, எந்தப் பொருளையும் பெயரோ இலக்கமோ இடாமல் வைக்கக்கூடாது என்பது. மருந்துப் போத்தலுக்கு ஒரு சீட்டு, கட்டிலுக்கு ஓர் இலக்கம், பிறந்த பிள்ளையின் மணிக்கட்டில் ஒரு நாடா. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த எனக்கு, சைக்கிளுக்கு இலக்கம் வேண்டும் என்ற தீர்மானம் மிகவும் இயல்பானதாகவே பட்டது. அடிபட்ட சிறுமியின் நெற்றிக் காயத்தைக் கழுவிக் கட்டியதும் நான்தான். அந்தக் காயத்தைப் பார்த்த ஒருவருக்கு அந்தத் தீர்மானத்தில் குறை காண்பது கடினம்.

குறை கண்டவர்கள் இருந்தார்கள். சந்தியில் உள்ள சைக்கிள் கடையில் என் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில் வழக்கு முழுவதையும் கேட்டேன். எதிர்க் கட்சியில் ஒரு தோட்டக்காரர். கத்தரியும் வாழைக்குலையுமாகத் தன் சைக்கிளில் சந்தைக்கு ஏற்றிப்போகிறவர், வாயாடி. பதிவின் பக்கத்தில் நின்றவர் பாடசாலை வாத்தியார், சங்க உறுப்பினர், தீர்மானத்தைக் கொண்டுவந்தவரே அவர்தான்.

"மாட்டுக்குக் குறி சுட்டாச்சு, வண்டிலுக்கு நம்பர் அடிச்சாச்சு, இப்ப சைக்கிளுக்கு வந்திட்டியள்," என்றார் தோட்டக்காரர். "நாளைக்கு எங்கடை முதுகிலையும் குத்துவியளோ?"

"நம்பர் இருந்திருந்தால் அந்தப் பிள்ளையை இடிச்சவனைப் பிடிச்சிருக்கலாம்தானே?"

"மைம்மல் இருட்டுக்கை லாம்பில்லாமல் வந்தவன்ரை முகமே தெரியேல்லை. நம்பரை ஆர் வாசிக்கிறது? வாத்தியார் பின்னாலை ஓடிப்போய்க் குனிஞ்சு வாசிப்பாரோ?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வாத்தியாருக்கு முகம் சிவந்தது.

"லாம்பு பூட்டச் சொல்லுங்கோ, இண்டைக்கே பூட்டுறன். அது நியாயம். என்ரை சைக்கிள் என்ரையெண்டு சங்கம் எனக்கு எழுதித் தரவேண்டாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மிஸி என்ன சொல்லுறியள்?"

"லாம்பும் வேணும், நம்பரும் வேணும், அண்ணை."

"உங்கடை சைக்கிளுக்கு என்னத்துக்கு? பொம்பிளையள் ஓடுற சைக்கிள் இந்தப் பக்கத்திலை உது ஒண்டுதான். கண் தெரியாத மனிசனும் மணிச் சத்தத்திலை சொல்லிப்போடும்."

அது உண்மைதான். நடுக்கம்பி இல்லாத, சேலை சிக்காதபடி பின் சில்லுக்கு வலை கட்டிய சைக்கிள் அது. என் அண்ணன் கொழும்பில் வாங்கி ரயிலில் அனுப்பிவைத்தது. பதிவே இல்லாமலும் எல்லோராலும் அடையாளம் காணக்கூடிய சைக்கிள் ஊரில் ஒன்று இருந்தால், அது என்னுடையதுதான். ஆனாலும் விதி என்றால் எல்லோருக்கும் பொது. முதல் நாளே போனேன்.

சங்கக் கந்தோர் விறாந்தையில் கிளாக்கர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் தகரத் தகடுகள் அடுக்காக இருந்தன. கறுப்பு மையில் பெயர் எழுதுவார், மேலே இருக்கும் தகட்டை எடுத்துக் கொடுப்பார். வரிசை மெல்ல நகர்ந்தது. எனக்கு முன்னால் இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள். திடீரென்று வரிசை நின்றது. யாரோ செருப்பைக் கழற்றி உதறினார். யாரோ சால்வையைத் தேடினார். இன்னொருவர் தன் சைக்கிளின் காற்றை அமுக்கிப் பார்க்கப் போய்விட்டார். முன்னுக்கு நின்ற வாத்தியார் திரும்பி என்னைக் கண்டார்.

"மிஸி, நீங்கள் ஏன் வெய்யிலுக்கை நிக்கிறியள்? முன்னுக்கு வாங்கோ. உயிர் காக்கிற வேலை உங்களுக்கு. நாங்கள் ஆறுதலாய் எடுப்பம்."

"இல்லை, ஐயா, நான் நிக்கிறன்."

"சேச்சே! விடுங்கோப்பா, மிஸியை விடுங்கோ."

எல்லோரும் ஒரே மனதாக வழிவிட்டார்கள். மருத்துவிச்சிக்கு ஊர் இவ்வளவு மரியாதை தருகிறதே என்று நினைத்து, நன்றி சொல்லி முன்னால் போனேன். கிளாக்கர் மேலே இருந்த தகட்டை எடுத்தார். எட்டு. எனக்கு அதில் விசேஷமாக ஒன்றும் தோன்றவில்லை. ஹாண்டிலுக்கு முன்னால் அதைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் உரும்பிராய் வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். கணவன் கொழும்பில் கந்தோர் வேலை; அவள் தன் தாயோடு இருந்தாள். முதற்பிள்ளை செத்துப் பிறந்தது. அது நான் இந்தப் பகுதிக்கு வருவதற்கு முன். அதனால் இந்த முறை தாய் தொடக்கத்திலேயே என்னைக் கூப்பிட்டு, சொன்னதையெல்லாம் செய்துவந்தார். கீரை, முருங்கையிலை, பகலில் படுத்தல், எதிலும் குறைவைக்கவில்லை. கடைசி மாதம் தொடங்கியிருந்தது. அதற்கு முந்திய முறை பார்த்தபோது பிள்ளையின் தலை கீழே இருந்தது. அன்று கையை வைத்ததும் தலை வலப்பக்கம் தட்டுப்பட்டது. கீழே ஒன்றும் இல்லை. பிள்ளை குறுக்கே திரும்பியிருந்தது.

இப்படித் திரும்புவது உண்டு. தானாகத் திரும்பவும் நேராவதும் உண்டு. ஆனால் நேராகாமல் நோவு தொடங்கினால் பிள்ளை வெளியே வர வழியில்லை. வீட்டில் வைத்துக்கொண்டு யாரும் ஒன்றும் செய்ய முடியாது; பெறுபவளும் தப்புவது அரிது. இதைப் பயமுறுத்தாமல் தாய்க்குச் சொன்னேன். அடுத்த கிழமையும் இப்படியே இருந்தால் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும் என்றேன். என்னை வழியனுப்பப் படலைவரை வந்த தாய், சைக்கிளைப் பார்த்தபடியே நின்றார்.

அடுத்த கிழமை நான் போனபோது அவர் படலைக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தார். கொளுக்கி போட்டிருந்தது.

"பிள்ளை, குறை நினையாதேங்கோ. உங்களிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை. உந்த நம்பர் இஞ்சை வரவேண்டாம்."

"எந்த நம்பர், அம்மா?"

அவர் அதை வாயால் சொல்லவில்லை. நாடியைத் தூக்கி ஹாண்டிலைக் காட்டினார்.

"என்ரை பிள்ளைக்கு அட்டமத்துச் சனி நடக்குது. சனி எட்டிலை நிக்கிறான். நீங்கள் அதையே தகரத்திலை எழுதிக்கொண்டுவந்து வாசலிலை நிப்பாட்டுறியள். முந்திப் பாத்தனீங்கள், பிள்ளை நேராக் கிடந்தது. நம்பரைப் பூட்டிக்கொண்டு வந்தியள், குறுக்கை கிடக்குது. தாய் மனிசி நான் என்ன நினைக்கிறது, சொல்லுங்கோ?"

அது அப்படியல்ல என்று சொன்னேன். சொன்னவிதம் எனக்கே பாடப்புத்தகம் போலக் கேட்டது.

"அப்ப சைக்கிளை ஒழுங்கை முடக்கிலை விட்டிட்டு வாறன், அம்மா. இல்லாட்டி நாளைக்கு நடந்து வாறன்."

"நடந்து வந்தால்? அது உங்கடை பேரிலைதானே பதிஞ்சு கிடக்கு."

சைக்கிளை எங்கேயும் விடலாம், தகட்டைக் கழற்றிப் பையில் போடலாம், இலக்கம் ஆளோடுதான் வரும். பதிவு என்பது அதற்காகத்தானே.

உள்ளேயிருந்து மகளின் குரல் கேட்டது. "அம்மா, ஆர்? மிஸியே?"

"இல்லை மோனை, ஆரோ வழி கேக்கினம்."

நோவு கண்டாலோ தண்ணீர் உடைந்தாலோ எனக்கு ஆள் அனுப்பவேண்டாம், சந்தியில் கார் பிடித்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று தாயிடம் தாழ்ந்த குரலில் சொன்னேன். தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் என்னை அனுப்புவதற்கு என்று தெரிந்தது. அந்த வீட்டில் ஆஸ்பத்திரி என்ற சொல்லும் இப்போது எட்டாம் இலக்கத்தோடு சேர்ந்துவிட்டது. இரண்டும் என் வாயிலிருந்து வந்தவை.

வைத்திய அதிகாரியிடம் தெரிவித்தேன். கூட்டிக்கொண்டு வா என்றார். கூட்டிக்கொண்டு வருவதுதானே சிக்கல். ஊர் அதிகாரியான விதானையாரை அழைத்துக்கொண்டு போய்ப் படலையைத் திறப்பித்திருக்கலாம். ஆனால் கர்ப்பிணியைப் பயத்தில் நடுங்கவைத்து வயிற்றில் கை வைப்பதில் பயனில்லை. பக்கத்துப் பகுதி மருத்துவிச்சி விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தார். எப்படி எண்ணிப் பார்த்தாலும் ஒரே வழிதான் மிஞ்சியது: எட்டு என் பெயரைவிட்டுப் போகவேண்டும். நோவு எந்த நேரமும் தொடங்கலாம்.

அங்கிருந்து நேரே சங்கக் கந்தோருக்குப் போனேன். அன்றைக்கும் விறாந்தையில் ஆட்கள் நின்றார்கள். கிளாக்கரிடம் நடந்ததைச் சொல்லி, இலக்கத்தை மாற்றித் தரக் கேட்டேன்.

"பதிஞ்சால் பதிஞ்சதுதான், மிஸி. நினைச்ச நினைச்சபடி மாத்தினால் பதிவெண்டு ஏன்?"

என் வாதமே எனக்குத் திரும்பி வந்தது. "ரெண்டு பேர் சம்மதிச்சுத் தங்கடை நம்பரை மாத்திக்கொண்டால்?"

அவர் தீர்மானத்தை எடுத்து வாசித்தார். மாற்றலாம் என்றும் அதில் இல்லை, மாற்றக்கூடாது என்றும் இல்லை. சங்க உறுப்பினர் ஒருவர் கையொப்பமிட்டால் தான் எழுதுவதாகச் சொன்னார். வாத்தியார் அங்கேயேதான் இருந்தார். அவருடையது ஒன்பதாம் இலக்கம். அவரிடமே கேட்டேன்.

"நானோ?" என்றார். "எனக்கு உதிலை ஒரு நம்பிக்கையும் இல்லை, மிஸி. உதெல்லாம் சும்மா பயம். ஆனால் வீட்டிலை மனிசிக்கு... அவவுக்கு நெஞ்சிலை கொஞ்சம் வருத்தம்..."

மற்றவர்களைப் பார்த்தேன். ஒருவர் மகளுக்குக் கலியாணம் பேசி நடக்கிறது என்றார். ஒருவருக்கு வழக்கு இருந்தது. ஒருவர் வெற்றிலை துப்பப் போனார். எனக்கு அப்போதுதான் அந்த முதல் நாள் வரிசை நினைவுக்கு வந்தது. உதறிய செருப்பும், தேடிய சால்வையும். எனக்குக் கோபம் வரவில்லை. படலைக்குள் கேட்ட குரல்தான் காதில் இருந்தது.

அந்த நேரம் தோட்டக்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். இன்னும் பதியவில்லையா என்று விதானையார் அதட்டி அனுப்பியிருந்தார். அந்த எரிச்சல் முகத்தில் இருந்தது. என்ன கூட்டம் என்று கேட்டார். கிளாக்கர் சொன்னார்.

"எட்டு மிஸியிட்டை எப்பிடி வந்தது?"

"எல்லாரும் வழிவிட்டவை, அண்ணை. வாத்தியார்தான் முன்னுக்குப் போகச் சொன்னவர்," என்றேன்.

தோட்டக்காரர் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டுச் சிரித்தார். "பாத்தியளே, எட்டைக் கண்டவுடனை வாத்தியாருக்கு மரியாதை பொங்கி வழிஞ்சிருக்கு!"

"நீர் பகிடி விடாதையும். உமக்குத் துணிவிருந்தால் நீர் எடும்," என்றார் வாத்தியார்.

"எடுக்கிறன். இஞ்சை தாருங்கோ அதை."

அவர் விளையாட்டாகச் சொல்கிறாரா என்று தெரியாமல் நான் நின்றேன்.

"உண்மையாத்தான், மிஸி. என்ரை மச்சான் இருக்கிறாரெல்லோ, மனிசியின்ரை தம்பி. விடியவெள்ளன வருவார். 'அத்தான், ஒருக்காச் சந்திக்குப் போட்டு ஓடிவாறன்' எண்டு சைக்கிளை எடுப்பார். பிறகு பொழுதுபடத்தான் ஆளைக் காணலாம். நான் கத்தரிக்காய்ச் சாக்கைத் தலையிலை சுமந்துகொண்டு சந்தைக்குப் போறன். இல்லையெண்டு சொல்ல ஏலாது, சொன்னால் வீட்டிலை அடுப்பெரியாது. ஆனால் அவர் நல்ல நேரம் பாக்காமல் தலைமயிரும் வெட்டாத ஆள். எட்டாம் நம்பரிலை அவர் கால் வைக்கமாட்டார்."

"அப்ப உமக்குச் சனியன் பிடிச்சால்?" என்று யாரோ கேட்டார்கள்.

"சனியன் புதிசா என்ன செய்யிறது? என்ரை மச்சான் செய்யாததையே?"

கிளாக்கரும் சிரித்துவிட்டார். சைக்கிளைப் பதியக்கூடாது என்று ஊரிலேயே உரக்கச் சொன்ன மனிதர் அன்று ஆசையோடு பதிந்தார். அவருக்கு வரவேண்டிய நாற்பத்தொன்றை நான் பெற்றேன். என்னுடைய எட்டை அவர் பெற்றார். அந்த மாற்றத்துக்கு வாத்தியார் ஒரு கேள்வியும் கேட்காமல் கையொப்பமிட்டார். புதிய தகட்டைப் பூட்டத் திருகாணியை எடுத்தேன். தோட்டக்காரரே வாங்கி முறுக்கித் தந்தார்.

"கெதியாப் போங்கோ," என்றார். "அந்த உரும்பிராய்ப் பெட்டையின்ரை தகப்பனை எனக்குத் தெரியும், நல்ல மனிசன், செத்துப்போனார்."

நான் வீட்டுக்குப் போகாமல் உரும்பிராய்க்கே திரும்பினேன். தாய் கொளுக்கியை எடுக்காமல் படலைக்கு மேலால் எட்டிப் பார்த்தார். நான் சைக்கிளைத் திருப்பி முன்பக்கத்தைக் காட்டினேன். எட்டு போய்விட்டது என்றேன். அவர் கொளுக்கியை எடுத்து வெளியே வந்து, சைக்கிளைச் சுற்றி நடந்து, பின்பக்கத்திலும் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தார்.

"நாலும் ஒண்டும் அஞ்சு," என்றார் தனக்குத்தானே. "அஞ்சு பிழையில்லை. புத்தகத்திலையும் மாத்தி எழுதியாச்சோ?"

"எழுதியாச்சு, அம்மா. நான் பக்கத்திலை நிண்டு பாத்தனான்."

"பழையதை ஆர் எடுத்தது?"

சொன்னேன்.

"உவனோ? உவனிலை ஏறி இருக்கச் சனியனும் ரெண்டு தரம் யோசிப்பான்." படலையை அகலத் திறந்தார். "உள்ளுக்கு வாங்கோ, பிள்ளை. தண்ணி குடிச்சிட்டுப் பாருங்கோ, நல்லாக் களைச்சுப்போனியள்."

மகள் பாயில் சரிந்து படுத்திருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள், வேண்டாம் என்றேன்.

"காலமை வந்தது நீங்கள்தானே? குரல் கேட்டது. வழி கேட்டவையெண்டு அம்மா சொன்னவ."

"வழிதான் கேட்டனான்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கையைக் கழுவித் துடைத்து வயிற்றில் வைத்தேன். தலை வலப்பக்கமே இருந்தது. பிள்ளையின் இதயத் துடிப்பு நன்றாகக் கேட்டது. நோவின் குறி எதுவும் இன்னும் இல்லை.

தாயை அழைத்து, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றேன். மறுப்பார் என்று எதிர்பார்த்து அடுத்த வாக்கியத்தையும் தயாராக வைத்திருந்தேன். அவர் மறுக்கவில்லை. இராகுகாலம் கழியட்டும், அதுவரை பொறுக்கலாமா என்று மட்டும் கேட்டார். பொறுக்கலாம் என்றேன். உண்மையிலேயே பொறுக்கலாம், சந்தியிலிருந்து கார் வர அவ்வளவு நேரம் எப்படியும் ஆகும். அவர் துணிகளை மடித்தார், பூட்டுகளைப் பூட்டினார், மகளின் நெற்றியில் திருநீறு பூசினார். கார் வந்தபோது மூவரும் ஏறினோம்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்குத்தர் வெளியிலிருந்தே கைகளால் மெல்ல மெல்லப் பிள்ளையைத் திருப்பினார். பயிற்சியில் அதை நான் பார்த்திருக்கிறேன்; அன்று கட்டிலின் மறுபக்கத்தில் நின்று பார்த்தது போல ஒருநாளும் பார்த்ததில்லை. தலை கீழே வந்து நின்றது. அப்படியே நிற்கிறதா என்று பார்ப்பதற்காக அவளை விடுதியில் வைத்துக்கொண்டார்கள். அடுத்த கிழமைக்குள் நோவு கண்டு, பிள்ளை தலைவழியாக, அழுதுகொண்டே பிறந்தது. ஆண்பிள்ளை. பார்க்கவென்று சைக்கிளில் போன எனக்குச் செய்தியைச் சொன்னவர் தாய்தான். சொல்லிவிட்டு, சாதகம் எழுதப் பிறந்த நேரத்தை விடுதி மிஸியிடம் சரியாகக் கேட்டு வாங்கித் தரும்படி கேட்டார். வாங்கிக் கொடுத்தேன்.

அன்று யாழ்ப்பாணத்திலிருந்து சைக்கிளில் திரும்பும்போது தேவையில்லாத இடத்திலெல்லாம் மணி அடித்தேன். வாழைத் தோட்டங்களுக்கு இறைத்துக்கொண்டு நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கோவிலுக்குப் போன ஒரு பெண், ஏதோ அவசரமாக்கும் என்று வீதியை விட்டு விலகி நின்றாள். அவசரம் ஒன்றும் இல்லை. பல நாள்களுக்குப் பிறகு நான் மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தேன்.

சைக்கிளைப் பதியவேண்டுமா என்று இப்போது கேட்டாலும் வேண்டும் என்றே சொல்வேன். தோட்டக்காரரும் தன் பக்கத்தை விடவில்லை. பதிவு வீண்வேலை, தனக்கு மட்டும் பயன்பட்டது என்கிறார். விளக்கைப் பற்றி அவர் சொன்னது சரி என்று சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். அதுவும் இப்போது விதியாகிவிட்டது. இரண்டு உரிமையாளர்கள் இசைந்தால் இலக்கத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்.

இன்றைய நிலை இது. உரும்பிராய் வீட்டில் தாயும் பிள்ளையும் சுகமாக இருக்கிறார்கள். எட்டாம் இலக்கம் தோட்டக்காரரிடம் இருக்கிறது. மச்சான் நடந்துதான் சந்திக்குப் போகிறார். என் சைக்கிளின் இலக்கம் நாற்பத்தொன்று. இந்த ஆண்டுக்கும் பதிந்தாயிற்று.